பூம்பாறையில இருந்து மணப்பாடு வரைக்கும் வாடகை கேரவன்ல போனோம், வண்டி எப்படின்னு சொல்றேன்

மே மாசம் ஆனா ஊர் உலகமே கொடைக்கானலுக்கு ஏறி வரும், நாங்க கீழ இறங்கி கடலுக்குப் போவோம். இது எங்க வீட்டுல சின்ன வயசுல இருந்தே வழக்கம். அதனால இந்த ரிவ்யூவ முழுசா நம்பாதீங்க, பாதி வண்டிய பத்தி, பாதி பழைய ஞாபகம், ரெண்டையும் பிரிச்சு எழுத எனக்கு வரல.

எங்க ஊரு கொடைக்கானல் மலையில இருக்குற பூம்பாறை, பூண்டு விவசாயம். அப்பாகிட்ட அப்ப ஒரு மேட்டடார் வேன் இருந்துச்சு, பூண்டும் உருளைக்கிழங்கும் ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட், மதுரைன்னு ஓடுற வண்டி. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஒரு நாள் அத நல்லா கழுவி, பின்னாடி வைக்கோல் பரப்பி அதுமேல ஜமுக்காளம் விரிச்சு, மண்ணெண்ணெய் ஸ்டவ்வு, ரெண்டு குண்டான், ஒரு குடம், நாங்க நாலு பேரு, அத்தை வீட்டுல மூணு பேரு, அவ்வளவுதான் கேரவன். குழந்தை வேலப்பருக்கு ஒரு தேங்காய் உடைச்சுட்டு கிளம்புனா நேரா திருச்செந்தூர். "மலை மேல இருக்குற முருகன் லீவு குடுத்தாரு, கடல்கிட்ட இருக்குறவர போய் பாத்துட்டு வருவோம்"னு அப்பா வருசா வருசம் அதே ஜோக்க சொல்வாரு. சாமி கும்பிட்டு முடிச்சு அங்கிருந்து தெக்க குலசேகரப்பட்டினம் தாண்டி மணப்பாடு, அங்க ரெண்டு ராத்திரி. எவ்வளவு கழுவினாலும் அந்த வண்டியில பூண்டு வாசம் போகாது. கடல் காத்துல பூண்டு வாசம் கலந்து வந்தா எனக்கு இன்னிக்கும் எட்டு வயசுதான்.

மேட்டடார் பழைய இரும்புக்குப் போய் ரொம்ப வருசம் ஆச்சு. அப்பாவுக்கு இப்ப 74. 2025 மே மாசம் அவர கூட்டிட்டு அதே மாதிரி போகணும்னு தோணுச்சு, ஆன்லைன்ல தேடி ஒரு கேரவன் வாடகைக்கு எடுத்தேன். கம்பெனி பேர போடல, ஏன்னா கடைசியில ஒரு பஞ்சாயத்து இருக்கு, அது எனக்கும் அவங்களுக்கும் உள்ளது. டெம்போ டிராவலர் வண்டிய கேரவனா மாத்தியிருக்காங்க, அஞ்சு பேர் படுக்கலாம், டிரைவரோட வரும், நாமளே ஓட்ட குடுக்க மாட்டாங்க. நாள் வாடகை 9,000, டீசல் டோல் தனி, டிரைவர் பேட்டா தனி, டெபாசிட் 5,000.

முதல் கூத்து இ-பாஸ். 2024 மே 7ல இருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் ஏறுற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேணும், அதுவும் அந்த 2025 சீசன்ல கோர்ட்டு உத்தரவுல கொடைக்கானலுக்கு வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறு 6,000 வண்டிதான்னு கணக்கு வேற. வேன் மதுரையில இருந்து வருது, கம்பெனிக்காரங்களுக்கு இது எதுவுமே தெரியல, நான் தான் போன்ல ஒவ்வொண்ணா சொல்லி பாஸ் எடுக்க வச்சேன். எங்க ஊர்ல இருந்து எங்கள ஏத்திட்டுப் போக வர்ற வண்டிக்கு நான் பாஸ் வேலை பாத்துக்கிட்டு இருக்கேன். மலையில இருந்து புக் பண்றவங்க இத முன்னாடியே பேசிக்கோங்க, இல்லன்னா வத்தலக்குண்டுக்கு நீங்க இறங்கிப் போய் ஏறிக்கோங்க.

இறங்குறப்ப சில்வர் கேஸ்கேட் அருவிகிட்ட ஏறுற பக்கம் கார் வரிசை அசையாம நிக்குது, எங்க பக்கம் ரோடு காலி, அப்பாவுக்கு அதுல ஒரு சந்தோசம். வண்டி வளைவுல நல்லாவே பிடிச்சு இறங்குச்சு, ஆனா மேல இருக்குற அலமாரிக்கு லாக் சரியில்ல, டம்டம் பாறை வளைவுல ஒரு டப்பா சர்க்கரை அம்மா மடியில கொட்டுச்சு. காலி தண்ணி பாட்டில மேலயே மூடி வச்சிருந்தோம், வத்தலக்குண்டு வந்தப்ப அது அமுக்கி நசுக்கின மாதிரி சப்பையா கிடந்துச்சு, காத்தழுத்தம் கூடுதுல்ல, என் பொண்ணு பயணம் முழுக்க அந்த பாட்டில பொக்கிஷம் மாதிரி வச்சிருந்தா. அப்புறம் மதுரை, எலியார்பத்தி டோல், எட்டயபுரம், தூத்துக்குடின்னு நாலு வழி ரோட்டுல வழுக்கிட்டு போயிருச்சு, சொல்ல ஒண்ணும் இல்ல. திருச்செந்தூர்ல அப்ப கும்பாபிஷேக வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு (ஜூலை 7ல தான் ஆச்சு), கூட்டத்துல அப்பாவால நிக்க முடியல, வெளியில இருந்தே கும்பிட்டுட்டு மணப்பாடுக்கு கிளம்பிட்டோம்.

வண்டிக்குள்ள என்ன இருக்குன்னா, ரெண்டு சோபா இழுத்தா கட்டில் ஆகும், பின்னாடி ஒரு பங்க் பெட், ஒத்த பர்னர் கேஸ் அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ், சிங்க், 100 லிட்டர் தண்ணி டேங்க், ஒரு ஓரத்துல டாய்லெட். அந்த டாய்லெட்ட பாத்துட்டு அப்பா "சோறாக்குற எடத்துலயே கக்கூஸா"ன்னு கேட்டவரு கடைசி வரைக்கும் அந்தக் கதவ தொடல. அது கேசட் டாய்லெட், அடியில ஒரு பெட்டி இருக்கும், ரொம்புனா நாமதான் கழட்டி டாய்லெட் இருக்குற எடத்துல போய் ஊத்தணும். இத எடுக்குறப்ப யாரும் சொல்லல, ரெண்டாவது நாள் வாசம் வந்தப்புறம் டிரைவர் அண்ணன் தான் சொன்னாரு. அவர் தங்கமான மனுசன், அதையும் அவரே எடுத்துட்டுப் போனாரு, எனக்கு வெக்கமா போச்சு.

அடுத்தது ஏசி. விளம்பரத்துல "ஃபுல் ஏசி கேரவன்". ஓடுறப்ப சரி. நிறுத்தி வச்சா வெளியில கரண்ட் எடுத்து சொருகணும், கடற்கரையில எங்க போய் சொருகுறது. பேட்டரியிலயும் ஓடும்னு போன்ல சொன்னாங்க, ஓடுச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு போட்டோம், ஒரு மணிக்கு பொசுக்குன்னு எல்லாம் அணைஞ்சு ஃப்ரிட்ஜும் சேந்து போச்சு. அப்புறம்தான் கணக்கு போட்டேன், 12 வோல்ட் 200 ஆம்பியர்-ஹவர் பேட்டரின்னா முழுசா உறிஞ்சுனாலும் 2.4 யூனிட்டு, ஏசி மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல இழுக்கும், ரெண்டு மணி நேரம் ஓடுனதே பெரிசு. ஃபேன் மட்டும் போட்டா விடிய விடிய வரும். நாங்க குளிர்ல கிடக்குற ஆளுங்க, ராத்திரி பூரா வேர்த்து ஊத்திட்டு பக்க கதவ தொறந்து போட்டோம்.

அந்தக் கதவுதான் இந்த வண்டியிலயே எனக்கு பிடிச்ச சாமான். நாலர மணிக்கு முழிப்பு வந்துச்சு, படுத்தபடியே பாத்தா கதவு சைஸுக்கு கடல், கீழ கருப்பு, மேல லேசா சாம்பல். வள்ளத்துல போறவங்க டார்ச் வெளிச்சம் ஒண்ணு ஒண்ணா தண்ணிக்குள்ள இறங்குது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்கு தடை, நாட்டுப்படகு போகலாம், அதனால இந்த ஊரு மே மாசமும் முழிச்சுதான் இருக்கும். இந்தப் பக்கம் மணல் குன்று கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கும், உச்சியில திருச்சிலுவை கோயில், 1581ல கட்டினது, பக்கத்துல லைட்ஹவுஸ். 1542ல சவேரியார் வந்து தங்குனதா சொல்ற குகையும் அந்தக் குன்றுலதான் கடல பாத்த மாதிரி இருக்கு. அப்பா எனக்கு முன்னாடியே எந்திரிச்சு படியில உக்காந்திருந்தாரு, போர்வைய தலையோட போத்திக்கிட்டு, பூம்பாறை தோட்டத்துல காவலுக்கு உக்காந்திருக்குற மாதிரியே. "மேட்டடார்ல இந்தக் கதவு பின்னாடி இருந்துச்சு"ன்னு மட்டும் சொன்னாரு.

அன்னிக்கு காலையிலதான் வண்டி மணல்ல மாட்டுச்சு. நிழலுக்காக பத்தடி உள்ள தள்ளி நிறுத்தலாம்னு நான் தான் சொன்னேன், என் தப்பு. கேரவன் எடை, பின் சக்கரம் சுத்துற வண்டி, டிரைவர் அண்ணன் ஆக்சிலேட்டர மிதிக்க மிதிக்க கிணறு வெட்டுது. வலை பிரிச்சுக்கிட்டு இருந்த ஒருத்தர் வந்து "அண்ணாச்சி, மிதிக்காதீய, இன்னும் கீழ போயிரும், காத்த எறக்குங்க"ன்னாரு. நாலு டயர்லயும் பாதி காத்த இறக்கி, சக்கரத்துக்கு முன்னாடி மணல கையால வாரி, பனை மட்டையும் ஓலையும் திணிச்சோம், அப்பவும் வரல, கடைசியில படகு இழுக்குற டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுத்துச்சு. காசு குடுத்தா வாங்கல. அம்மா ஒரு பை நிறைய மலைப்பூண்டு கொண்டு வந்திருந்தாங்க, அத குடுத்தப்ப மோந்து பாத்துட்டு சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டாரு. மதியம் ஒரு பையன் வந்து ஒரு பாறை மீனும் கொஞ்சம் நெத்திலியும் குடுத்துட்டு ஓடிட்டான்.

ஒத்த பர்னர்ல அம்மா வச்ச குழம்புக்கு ஒரு குறையும் இல்ல, ஆனா உள்ள வச்சு மீன் பொரிக்காதீங்க, எக்ஸாஸ்ட் ஃபேன் சும்மா அலங்காரம். தண்ணியும் பாத்து செலவு பண்ணணும், 100 லிட்டர்ல அஞ்சு பேரு குளிச்சா ஒரே நாள்ல தீந்துரும், நாங்க வாசல்ல ஒரு பக்கெட் வச்சு கால் கழுவிட்டுதான் ஏறணும்னு சட்டம் போட்டோம், என் பொண்ணு தவிர எல்லாரும் கேட்டாங்க. திரும்புறப்ப உடன்குடியில கருப்பட்டி வாங்குனோம். எங்க மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுது, உடன்குடி கருப்பட்டிக்கு 2023ல, அப்பா கடைக்காரர்கிட்ட "நாங்க உங்களுக்கு சீனியர்"னு சொல்லி அஞ்சு ரூபா குறைக்கப் பாத்தாரு, நடக்கல.

குழந்தைங்கள கூட்டிட்டு போறவங்களுக்கு ஒண்ணு, இந்த சீசன்ல கள்ளக்கடல்னு ஒண்ணு வரும், காத்தே இல்லாம சும்மா இருக்குற மாதிரி இருந்து திடீர்னு அலை ஏறி வரும். எச்சரிக்கை போட்டிருக்கான்னு பாத்துட்டு இறங்குங்க, வண்டியையும் அலை நுனியில இருந்து தள்ளி உசரமா நிறுத்துங்க. ஊருக்குள்ள கேட்டுட்டு நிறுத்துங்க, அது அவங்க தொழில் பண்ற எடம்.

மொத்தத்துல வண்டிக்கு அஞ்சுக்கு மூணு, டிரைவர் அண்ணனுக்கு அஞ்சு, ஆபீஸ்ல போன் எடுக்குறவங்களுக்கு ஒண்ணு. ஹோட்டல்ல ரூம் போட்டா காசு கம்மிதான், அது எனக்கும் தெரியும்.

இப்ப பஞ்சாயத்துக்கு வர்றேன். வண்டிய விட்டு நாலு நாள் கழிச்சு டெபாசிட்ல 1,500 பிடிச்சுட்டு மீதிய அனுப்புனாங்க. என்னன்னு கேட்டா மணல் எடுக்க 500, "உள்ள ஏதோ பூண்டு வாசம் சார், ரெண்டு தடவ வாஷ் பண்ணியும் போகல" அதுக்கு 1,000. கடற்கரைக்குன்னு வாடகைக்கு விடுற வண்டியில மணல் வராம என்ன வரும்னு 500க்கு அர மணி நேரம் சண்டை போட்டேன். பூண்டு வாசத்துக்கு நான் ஒண்ணும் பேசல.