பழைய ஸ்டீல் அலமாரியில் புது சிங்க்: நாலு வருஷம் புழங்கிய பிறகு

அமெரிக்காவில், ஒஹாயோவில் நாங்கள் வாங்கிய வீடு 1954இல் கட்டியது. சமையலறை முழுக்க யங்ஸ்டவுன் கிச்சன்ஸ் என்ற பிராண்ட் ஸ்டீல் அலமாரிகள், இதே மாநிலத்து மல்லின்ஸ் கம்பெனி செய்தவை. கதவைச் சாத்தினால் அம்பாசடர் கார் கதவு மாதிரி ஒரு கனமான சத்தம். அதை மாற்ற எனக்கு மனசே வரவில்லை, ஆனால் சிங்க்கை மாற்றினேன்.

பழைய சிங்க் எனாமல் பூசிய ஒரே தகடு. நடுவில் தொட்டி, இரண்டு பக்கமும் தண்ணீர் வடிய வரிவரியாகச் சாய்ந்த மேடை, பின்னால் சுவரோடு ஒட்டிய தடுப்பு, எல்லாம் சேர்த்து 66 அங்குலம். முன்பு இருந்தவர்கள் எதையோ போட்டுத் தொட்டியில் எனாமல் தெறித்திருந்தது, அந்த இடத்தில் துரு.

கழற்றுவது ஒரு நாள் வேலை என்று நினைத்தேன், மூன்று நாள் ஆனது. சிங்க்குக்குக் கீழே இருந்த வால்வு திரும்பவே இல்லை, வீட்டுக்கே மெயினை மூட வேண்டியதாயிற்று. கழிவுக் குழாய் நட்டை ரம்பத்தால் அறுத்தேன். அலமாரிக்குள் மல்லாந்து படுத்து, மூலையில் இருந்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ராத்திரி ஊறவிட்டபின்தான் அவை அசைந்தன. சுவரோரப் பசையைக் கத்தியால் கீறி, நண்பனும் நானும் தூக்கியதும் அலமாரி லேசாகக் கோணிக்கொண்டது. அப்போதுதான் புரிந்தது, இத்தனை வருஷம் பெட்டியை நேராகப் பிடித்து வைத்திருந்ததே அந்த சிங்க்தான்! குறுக்கே கட்டை கொடுத்து நிமிர்த்தி, முக்கால் அங்குல ப்ளைவுட்டில் புது மேடை போட்டு, மேலிருந்து இறக்கி வைக்கும் 18 கேஜ் (தகட்டின் தடிமன் அளவு) ஸ்டெயின்லெஸ் சிங்க் பொருத்தினேன். இன்னும் அகலமானது வாங்க ஆசைதான். அதற்கு அலமாரியின் பக்கத் தகட்டை வெட்ட வேண்டும், 1978க்கு முந்தைய வீட்டுப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதில் கிரைண்டரை வைக்கத் துணிவில்லை.

சிங்க் மீது குறை இல்லை, கீறல் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாம் வருஷம் ஓரத்து சிலிக்கான் ஒரு விரல் நீளத்துக்குப் பெயர்ந்ததைக் கவனிக்காமல் விட்டது என் தப்பு. ப்ளைவுட் உப்பி, கீழே ஸ்டீல் விளிம்பில் துரு பிடித்துவிட்டது. சுரண்டி, ப்ரைமர் அடித்து, வெள்ளை பூசினேன். உற்றுப் பார்த்தால் தெரியும்.

நிஜமான இழப்பு அந்தச் சாய்ந்த மேடைதான். குக்கர், இட்லித் தட்டு, நாலு பேர் சாப்பிட்ட தட்டு எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தால் தண்ணீர் தானாக ஓடிவிடும். இப்போது பிளாஸ்டிக் கூடை, அதன் அடியில் எப்போதும் தண்ணீர், வழுவழுப்பு. மறுபடி செய்வதாக இருந்தால் அதே மாதிரி பழையது ஒன்றைத் தேடியிருப்பேன், இல்லாவிட்டால் தெறித்த இடத்தை மட்டும் சரிசெய்து புழங்கியிருப்பேன்.

கழற்றிய பழைய சிங்க்கைத் தூக்கிப் போடவில்லை. கொல்லையில் செங்கல் மேல் நிற்கிறது. கோடையில் அண்டா, பெரிய குக்கர் எல்லாம் அங்கேதான், ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு.