'4ஜி போன்' என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள்: ஹட்டன் கடையொன்றில் நான் பட்டது

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வெளிநாட்டிலிருந்து வந்த பாவித்த போன் வாங்க நினைப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

உயர்தரம் படிக்கும் மகளின் இணையவழி வகுப்புக்காக ஹட்டன் நகரில் 38,000 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கினேன். "அமெரிக்கச் செட் அக்கா, 4ஜி பறக்கும்" என்றார் கடைக்காரர். கடை வாசலில் பறக்கவும் செய்தது. பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்ததும் 2ஜிக்கு இறங்கிவிட்டது. வகுப்பில் ஆசிரியர் வாய் திறந்தபடி திரையில் அப்படியே நிற்பார்.

கடைக்காரரிடம் கேட்டதற்கு, "உங்கள் தோட்டத்தில் டவர் சரியில்லை" என்றார். அதே சிம்மைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மலிவான போனில் போட்டு, அதே வாசற்படியில் வைத்துப் பார்த்தோம். வகுப்பு தடங்கலின்றி ஓடியது. இதைச் சொன்னதும் பேச்சு மாறியது. சாப்ட்வேர் அப்டேட் போட்டால் சரியாகும் என்று 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். முதலாவதை அறியாமை என்று விட்டாலும், இந்த 2,500 ரூபாய் பகற்கொள்ளை.

ஏனென்றால் கோளாறு சாப்ட்வேரில் இல்லை. கொழும்பில் போன் திருத்தும் என் அண்ணன் மகன் மாடல் எண்ணைப் பார்த்தவுடனேயே சொல்லிவிட்டான். இலங்கையில் 4ஜி ஒரே அலைவரிசையில் வருவதில்லை. ஒவ்வோர் அலைவரிசைக்கும் 'பேண்ட்' என்று ஓர் இலக்கம் உண்டு. 1800 மெகாஹெர்ட்ஸில் வருவது பேண்ட் 3, 900இல் வருவது பேண்ட் 8. நகரத்தில், டவருக்கு அருகில், பேண்ட் 3 போதும். மலை மறைக்கும் பள்ளத்துக்குள் அதைவிடத் தூரம் எட்டுவது தாழ்ந்த அலைவரிசையான 900தான். எங்கள் பக்கம் கிடைப்பதும் அதுவே. இந்தப் போனிலோ அமெரிக்காவுக்கு வேண்டிய 2, 4, 12, 13, 66 எல்லாம் இருக்கின்றன. நமக்கு உதவுபவற்றில் 3 மட்டும்தான் உண்டு, 8 இல்லை. ஒவ்வொரு பேண்டின் அலையையும் பிரித்தெடுக்கும் வடிகட்டியும் அதை வலுப்படுத்தும் பெருக்கியும் போனுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையில் இருக்க வேண்டும். தொழிற்சாலையில் வைக்காததை எந்த அப்டேட்டும் கொண்டுவராது.

இன்னொரு தொல்லையும் உண்டு. 4ஜி வழியாகவே பேசும் வோல்ட்டீ வசதி இந்த மாடலுக்கு இங்கே கிடைக்கவில்லை. அதனால் நகரத்தில்கூட அழைப்பு வந்தால் இணையம் அறுந்துவிடும்.

கடைக்காரரின் கடைசி ஆயுதம் 1909. ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ இலக்கத்தை அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் போன் பதிவாகியுள்ளதா என்று பதில் வரும். இந்தப் போன் பதிவானதுதான். ஆனால் அந்தப் பதில் பேண்டுகளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை; அதைக் காட்டி வாயை அடைக்கப் பார்த்தால் விடாதீர்கள். செட்டிங்ஸில் முழு மாடல் எண்ணைப் பாருங்கள், கடைசி எழுத்து உட்பட. ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு வேறு மாடல்கள் விற்கிறார்கள். அந்த எண்ணைத் தேடினால் பேண்ட் பட்டியல் வரும். 3, 8 இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் தோட்டத்துக்கு அது ஆகாது. முடிந்தால் உங்கள் சிம்மைப் போட்டு, வீட்டில் வைத்துப் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

போனைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். பற்றுச்சீட்டில் '4ஜி போன் - 1' என்று மட்டும் எழுதியிருப்பது அவருக்கு வசதியாகப் போயிற்று; நீங்கள் மாடல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறையிட்டிருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.