ஸ்டெர்க்ஃபொன்டைன் குகையும் மரோபெங்கும்: பேத்தியோடு ஒரு நாள்

ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில், பதினொரு வயதுப் பேத்தியை அழைத்துக்கொண்டு 'மனிதகுலத்தின் தொட்டில்' எனப்படும் பகுதிக்குச் சென்று வந்தேன். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வடமேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், 47,000 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கும் இந்தப் புல்வெளியையும் அதன் அடியிலுள்ள குகைகளையும் யுனெஸ்கோ 1999-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கிலுள்ள லெனேசியாவில் நாற்பது ஆண்டுகள் குடியிருந்தும் இப்போதுதான் முதன்முதலாகப் போகிறேன். உறவினர் வந்தால் டர்பனுக்குக் கடல் காட்ட அழைத்துப் போகும் நாங்கள், பக்கத்திலேயே இருக்கும் இந்த இடத்தை இத்தனை காலம் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் ஸ்டெர்க்ஃபொன்டைன் குகைக்குப் போனோம். வெள்ளப் பாதிப்பால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மூடிக் கிடந்த இந்தக் குகை 2025 ஏப்ரலில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு படியிறங்கினால், சில நிமிடங்களிலேயே வெளியுலகின் வெயிலும் காற்றும் மறந்துபோகின்றன. எங்களுக்கு வழிகாட்டிய இளம்பெண் ஓரிடத்தில் எல்லோரையும் நிறுத்தி, விளக்குகளை அணைக்கச் சொன்னார். அந்த இருட்டில் எங்கோ நீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது. பேத்தி என் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஆயா, இந்தப் பாறைக்கு எத்தனை வயசு?" என்று மெல்லக் கேட்டாள். குகையின் டோலமைட் பாறை, ஆழமற்ற பழங்கடல் ஒன்றின் அடியில் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்தது. அந்தப் பாறையை மழைநீர் மெல்ல மெல்லக் கரைத்ததால்தான் குகைகள் உருவாயின. மேலே நிலத்தில் திறந்திருந்த பிளவுகளில் விழுந்த விலங்குகளும் நம் முன்னோரை ஒத்த உயிர்களும் உள்ளேயே கிடந்து, சுண்ணாம்பு ஊறிக் கல்லாய் இறுகிவிட்டன.

இந்தக் குகையில் எனக்கு மிகவும் பிடித்தது, எலும்புகளின் வயதைக் கணக்கிட்ட விதம். எரிமலைச் சாம்பல் படிந்த கிழக்கு ஆப்பிரிக்காவில் சாம்பலை வைத்தே காலத்தைச் சொல்லிவிடலாம். இங்கே எரிமலை இல்லை. அதனால் ஆய்வாளர்கள் விண்வெளியைத் துணைக்கு அழைத்தார்கள். எங்கோ வெடித்துச் சிதறிய விண்மீன்களிலிருந்து புறப்பட்ட துகள்கள் ஓயாமல் பூமியின் மேல் விழுந்துகொண்டே இருக்கின்றன. அவை நிலத்தின் மேற்பரப்பில் கிடக்கும் குவார்ட்ஸ் கற்களில் மோதும்போது அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் இரண்டு கதிரியக்க அணுக்கள் உண்டாகின்றன. அந்தக் கல் குகைக்குள் விழுந்து ஆழத்தில் புதைந்துவிட்டால் துகள்கள் அதை எட்ட முடியாது. அதன்பின் இரண்டும் தேயத் தொடங்குகின்றன: அலுமினியம் சுமார் 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகிறது, பெரிலியம் பாதியாவதற்குச் சுமார் 14 லட்சம் ஆண்டுகள் பிடிக்கின்றன. இரண்டும் இன்று எந்த விகிதத்தில் மிஞ்சியிருக்கின்றன என்று பார்த்தால், அந்தக் கல் வெளிச்சத்தை விட்டு இருட்டுக்குள் போன காலம் தெரிந்துவிடும். எலும்பைத் தொடாமல், அதற்குப் பக்கத்தில் கிடந்த கல்லைக் கேட்டு வயதை அறியும் முறை இது. பேத்திக்கு இதைத் தமிழில் எடுத்துச் சொல்ல முடிந்ததில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

இந்த முறையில் டேரில் கிரேஞ்சர் குழுவினர் 2022-இல் வெளியிட்ட முடிவு பழைய பாடத்தையே அசைத்துவிட்டது. 1947 ஏப்ரல் 18 அன்று ராபர்ட் புரூமும் ஜான் ராபின்சனும் இங்கே கண்டெடுத்த, 'மிஸஸ் பிளெஸ்' எனப்படும் முன்மனித மண்டையோட்டுக்கு முன்பெல்லாம் 20 முதல் 25 லட்சம் ஆண்டுகள் என்றுதான் வயது சொல்லி வந்தார்கள். புதிய கணக்கின்படி அது கிடைத்த படிவத்தின் வயது 34 முதல் 37 லட்சம் ஆண்டுகள். அப்படியானால், எத்தியோப்பியாவில் 1974-இல் கிடைத்த, சுமார் 32 லட்சம் ஆண்டு வயதுள்ள 'லூசி' என்னும் முன்மனித எலும்புக்கூட்டின் இனத்தின் வழிவந்தவர்களே தெற்கில் வாழ்ந்தவர்கள் என்ற கருத்து நிற்காது. இதை ஏற்காத அறிஞர்களும் இருக்கிறார்கள். மிஸஸ் பிளெஸ் உண்மையில் பெண்தானா, இளம் ஆணா என்பதிலும் விவாதம் நடந்திருக்கிறது என்று கேட்டதும் பேத்தி வாய்விட்டுச் சிரித்தாள்.

'லிட்டில் ஃபுட்' எலும்புக்கூட்டின் கதையை எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். 1994-இல் ரொனால்ட் கிளார்க் என்ற அறிஞர், விலங்கெலும்புகள் என்று ஒதுக்கி வைத்திருந்த பெட்டி ஒன்றில் நான்கு சிறிய பாத எலும்புகளைக் கண்டு, அவை இரண்டு காலில் நடந்த ஓர் உயிருடையவை என்று உணர்ந்தார். பிறகு 1997 ஜூலையில், உடைந்த கால் எலும்பின் வார்ப்பு ஒன்றை ஸ்டீஃபன் மொட்சுமி, ன்க்வானே மொலெஃபே என்னும் இரு பணியாளர்களிடம் கொடுத்து, இதன் மறுபாதி பாறையில் எங்காவது தெரிகிறதா என்று தேடச் சொன்னார். கையில் விளக்கை மட்டும் ஏந்தி அந்தப் பெரிய இருட்டறையின் சுவர்களைத் தடவிப் பார்த்த அவர்கள், இரண்டே நாளில் அச்சாகப் பொருந்தும் முறிவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சுண்ணாம்புக்காக முன்னொரு காலத்தில் வெடி வைத்தவர்களால் துண்டான எலும்பு அது. முழு எலும்புக்கூட்டையும் பாறையிலிருந்து பிரித்தெடுக்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. 2017 டிசம்பரில்தான் அது மக்கள் பார்வைக்கு வந்தது. ஆய்வேட்டில் அதன் அடையாளம் எஸ்டிடபிள்யூ 573 என்னும் எண். நேட்டாலுக்குக் கரும்பு வெட்ட வந்த என் முப்பாட்டனாரும் கப்பல் பட்டியலில் ஓர் எண்ணாகத்தான் இருக்கிறார். எண்ணுக்குப் பக்கத்தில் ஊர், உயரம், உடலிலுள்ள தழும்பு என்று சில சொற்கள், அவ்வளவுதான். அதனால் மொட்சுமி, மொலெஃபே என்னும் இரண்டு பெயர்களையும் பேத்தியின் குறிப்பேட்டில் பெரிய எழுத்தில் எழுத வைத்தேன்.

குகையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மரோபெங் காட்சி மையம் 2005 டிசம்பரில் திறக்கப்பட்டது. பிறந்த இடத்துக்குத் திரும்புதல் என்பது செட்ஸ்வானா மொழியில் அந்தப் பெயரின் பொருள். முன்புறம் புல் மூடிய மேடாகவும் பின்புறம் கான்கிரீட் கட்டடமாகவும் தெரியும் அமைப்பு அழகானது. நிலத்தடியில் படகில் ஏற்றிக் காலத்தில் பின்னோக்கி அழைத்துப் போகிறார்கள். குழந்தைகளுக்கு அது திருவிழா. எனக்கு அங்கே மனத்தில் நின்றது ஹோமோ நலெடி என்னும் அழிந்துபோன மனித இனத்தின் செய்தி. 2013 செப்டம்பரில் குகை ஆர்வலர்கள் இருவர் ரைசிங் ஸ்டார் குகையின் இடுக்கு ஒன்றில் நுழைந்து கண்ட எலும்புகள் அவை. சில இடங்களில் 20 சென்டிமீட்டர் அகலமே உள்ள அந்த வழியில் இறங்குவதற்கு உடல் மெலிந்த ஆறு பெண் ஆய்வாளர்களை, அகழாய்வை நடத்திய லீ பெர்கர் தேர்ந்தெடுத்தார். 1,550-க்கும் மேற்பட்ட எலும்புகளும் பற்களும் வெளியே வந்தன. ஆரஞ்சுப் பழம் அளவே மூளை கொண்ட அந்த உயிர்கள் 2,36,000 முதல் 3,35,000 ஆண்டுகளுக்கு முன்பு வரையிலும் வாழ்ந்திருக்கின்றன. அவை இறந்தோரைப் புதைத்தன என்று 2023-இல் சொல்லப்பட்டதற்குச் சான்று போதாது என்று பல அறிஞர்கள் மறுத்தார்கள். எனக்கும் இன்னும் வலுவான சான்று வேண்டும்போல்தான் இருக்கிறது.

குறை சொல்ல வேண்டியது எங்களை அழைத்துப் போன வேன் சேவையைத்தான். பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை. காலை எட்டு மணிக்கு வர வேண்டிய வண்டி பத்தரைக்கு வந்தது. மரோபெங்கில் ஒரு மணி நேரம்கூட நிற்க விடவில்லை. அவர்கள் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் 'குரங்கு மனிதனான இடம்' என்று அச்சிட்டிருந்தது இன்னும் வருத்தம் தந்தது. இன்றைய குரங்கும் நாமும் ஒரே பழைய மூதாதையரிடமிருந்து பிரிந்து வந்த கிளைகள் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளே அறிவார்கள். பணம் வாங்கிக்கொண்டு தவறான செய்தியைக் கையில் கொடுப்பது சரியல்ல.

எனவே சொந்த வண்டியில் செல்லுங்கள். உடல் களைப்பதற்கு முன், காலையிலேயே குகையைப் பாருங்கள். படிகள் பல, சில இடங்களில் குனிந்து நடக்க வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே இருப்பது நல்லது. பிடிப்புள்ள காலணி அவசியம். வெளியே வரும்போது, மிஸஸ் பிளெஸ் மண்டையோட்டைக் கையில் ஏந்திய புரூமின் வெண்கலச் சிலையைக் காண்பீர்கள்; வருவோர் போவோர் எல்லாம் தொட்டுத் தொட்டு அதன் மூக்கு கோயில் குத்துவிளக்கைப் போலப் பளபளக்கிறது. பேத்தி மூக்கைத் தொடவில்லை. அவர் கையிலிருந்த மண்டையோட்டைத்தான் தடவிக் கொடுத்தாள்.