பிரேக் பேடு தேய்மான விளக்கு: 8 ஆண்டுகளில் நான் கண்டவை

8 ஆண்டுகளாக ஒரே காரை ஓட்டி வருகிறேன். இந்தக் காலத்தில் பிரேக் பேடு தேய்மான விளக்கு இரண்டு முறை எரிந்தது. ஒரு முறை, எரிந்திருக்க வேண்டிய நிலையிலும் எரியவில்லை. அந்த எரியாத முறைதான் என்னை மிகவும் கலங்க வைத்தது.

முதலில் விளக்கைச் சரியாக அடையாளம் காண வேண்டும். வட்டத்தின் இருபுறமும் விட்டுவிட்டு வரைந்த வளைகோடுகள் இருந்தால் அது பேடு தேய்மானம். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி இருந்தால் கை பிரேக் விடுவிக்கப்படாமல் இருக்கலாம், அல்லது பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். ஆயிலை ஊற்றி விளக்கை அணைத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. பேடு தேயத் தேய, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மீது பேடுகளை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே நகர்ந்து, அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்குவதால், கசிவே இல்லாமலும் அளவு குறையும்.

முதல் முறை எரிந்தபோது பேடு உண்மையிலேயே தேய்ந்திருந்தது. என் காரில் பேடுக்குள் சென்சாரின் மெல்லிய கம்பி பதிந்திருக்கிறது; பேடு ஏறத்தாழ 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்ததும் டிஸ்க் அந்தக் கம்பியை உரசி அறுக்க, மின்சுற்று துண்டிக்கப்பட்டு விளக்கு எரிகிறது. அறுந்த சென்சார் மறுபடி உதவாது என்பதால் பேடுகளுடன் அதையும் மாற்றினேன்.

இரண்டாம் முறை, தொடர்ந்து மழையில் ஓட்டிய சில நாட்களுக்குப் பின் எரிந்தது. பேடை மாற்றிவிடலாம் என்றார் மெக்கானிக். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று கேட்டுக்கொண்டேன். பேடில் இன்னும் 7 மி.மீ. மிச்சம் இருந்தது. மல்டிமீட்டரை வைத்துச் சோதித்தபோது சென்சாரின் சுற்று அறுபடாமல் இருந்தது. கனெக்டரின் முனைகளில்தான் பச்சை பூத்திருந்தது. அதைச் சுத்தம் செய்து பொருத்தியதும் விளக்கு அணைந்தது. சில கார்களில் ஸ்கேன் கருவியால் ரீசெட் செய்தால்தான் அணையும்.

மூன்றாவது அனுபவம் டயர்களை இடம் மாற்றும்போது நேர்ந்தது. என் காரில் முன்புறம் ஒரு சக்கரத்திலும் பின்புறம் ஒரு சக்கரத்திலும் மட்டுமே சென்சார் உண்டு. சென்சார் இல்லாத முன்சக்கரத்தில், காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் கிரீஸ் வற்றி இறுகிப்போனதால், பிஸ்டன் பக்கத்து உள் பேடு மட்டுமே அழுத்தப்பட்டு இரும்புத் தகடு வரை தேய்ந்து, டிஸ்க்கிலும் ஆழமான கோடுகளைப் போட்டிருந்தது. வெளிப் பேடோ பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. சக்கர இடைவெளி வழியாக நான் அவ்வப்போது எட்டிப் பார்த்து நிம்மதி அடைந்ததெல்லாம் அந்த வெளிப் பேடை வைத்துத்தான். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்கும் கீழே அது போய்விட்டதால், முன்பக்க டிஸ்க்குகள் இரண்டையும் பேடுகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. புதிய பேடு பொருத்திய பின் காரை நகர்த்தும் முன்பே, பிரேக் மிதி கெட்டியாகும் வரை பலமுறை மிதித்தாக வேண்டும். இதை யாரும் தவறவிடக் கூடாது.

இப்போது டயர் கழற்றும் ஒவ்வொரு முறையும் நான்கு சக்கரங்களிலும் உள் பேடு, வெளிப் பேடு இரண்டையும் அளந்து எழுதி வைக்கிறேன். இரண்டுக்கும் இடையே 2 மி.மீ.க்கு மேல் வேறுபாடு தெரிந்தால், விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும், முதலில் ஸ்லைடு பின்னைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறேன்.