இரண்டு மில்லிமீட்டர் குறைந்த காந்தப் பட்டைகள்

எம்.எஸ்ஸி. மாணவர்களுக்குக் கோட்டுருவியல் (முனைகளையும் அவற்றை இணைக்கும் விளிம்புகளையும் பற்றிய கணிதம்) எடுக்கிறேன். முனையைப் புள்ளியாகவும் விளிம்பைக் கோடாகவும் வரைந்தே பழகியவர்கள் அவர்கள். பட்டைப் பார்வைக் கோட்டுருவில் முனை என்பது ஒரு கிடைமட்டப் பட்டை. இரண்டு பட்டைகள் மேலும் கீழுமாக, இடையில் மறைப்பில்லாமல் ஒன்றையொன்று பார்த்தால் அதுவே விளிம்பு. இதைக் கரும்பலகையில் விளக்கப் போனால், ஒரு பட்டையை நகர்த்தப் பாதிப் படத்தை அழிக்க வேண்டும். அதற்காகவே இந்தக் காந்தப் பலகையை வாங்கினேன். ஒரு செ.மீ. கட்டம் போட்ட பலகை, 3 முதல் 10 செ.மீ. வரை ஒவ்வொரு நீளத்திலும் மூன்றாக 24 பட்டைகள், விலை 1,450 ரூபாய். சிறுவர்களின் பின்னப் பாடத்துக்கென்று விற்கப்படுவது.

நான்கு முனைகளும் ஒன்றோடொன்று இணைந்த கோட்டுரு இதில் ஒரு நிமிட வேலை. அடியிலும் உச்சியிலும் 10 செ.மீ. பட்டைகள். நடுவில் 6 செ.மீ. பட்டையை இடது ஓரத்தை ஒட்டி வைத்து, அதற்கு மேல் 5 செ.மீ. பட்டையை மூன்று கட்டம் தள்ளி வைத்தால் போதும். ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து நகர்த்தினால் ஆறு விளிம்புகளும் வரிசையாகத் தென்படும்.

பிறகு ஒவ்வொரு முனையிலும் ஒரு வால் முனையை, அதாவது அந்த ஒரு முனையோடு மட்டும் இணையும் புது முனையை, ஒட்டச் சொன்னேன். அடிப்பட்டைக்குக் கீழே ஒன்று, உச்சிப்பட்டைக்கு மேலே ஒன்று. மூன்றாவதற்கு, 6 செ.மீ. பட்டையை எடுத்துவிட்டு 9 செ.மீ. பட்டையை இடப்பக்கம் நீட்டி வைத்து, நீண்ட பகுதிக்குக் கீழே வாலை ஒட்டினார்கள். நான்காவதற்கு, 5 செ.மீ. பட்டைக்குப் பதிலாக நீளமானதை வைத்து வலப்பக்கம் நீட்டியதும் அடிப்பட்டையும் உச்சிப்பட்டையும் ஒன்றையொன்று பார்த்த வழி அடைபட்டுப்போனது. எப்படி மாற்றினாலும் ஒரு விளிம்பு போய்க்கொண்டே இருந்தது. வெட்டுமுனைகள் (நீக்கினால் கோட்டுரு துண்டாகிவிடும் முனைகள்; இங்கே வால் ஒட்டிய நான்கும்) எல்லாம் ஒரே முகத்தில், அதாவது விளிம்புகள் பிரிக்கும் ஒரே பகுதியின் ஓரத்தில், அமையும்படி, விளிம்புகள் வெட்டிக்கொள்ளாமல் தளத்தில் வரைய முடிந்தால்தான் இப்படிப் பட்டைகளாக்க முடியும் என்று 1985இல் விஸ்மத்தும், 1986இல் தமாசியாவும் டோலிஸும் நிறுவிய தேற்றத்தை அதற்குப் பிறகுதான் எழுதிப்போட்டேன். இத்தனை வருடங்களில் அந்தத் தேற்றத்துக்குக் காரணம் கேட்டு மாணவர்கள் பலகையைச் சூழ்ந்து நின்றது அன்றுதான்.

குறையும் இருக்கிறது, சின்னதல்ல. ஐந்து செ.மீ. பட்டைகளில் ஒன்று 4.8 செ.மீ.தான். நாற்சுற்று (நான்கு முனைகள் ஒரு வளையமாக இணைந்த கோட்டுரு) அமைக்க, இரண்டு 10 செ.மீ. பட்டைகளுக்கு நடுவே இரண்டு 5 செ.மீ. பட்டைகளை வெவ்வேறு உயரத்தில், ஒன்று முடியும் கட்டத்திலேயே மற்றது தொடங்கும்படி வைக்க வேண்டும். அந்த 2 மி.மீ. இடுக்கு வழியாக மேல்பட்டையும் கீழ்பட்டையும் பார்த்துக்கொள்ள, இல்லாத விளிம்பு ஒன்று முளைத்துவிட்டது. ஒரு மாணவி அதைத்தான் சரியான விடை என்று குறித்துக்கொண்டாள். அளந்து பார்த்தேன்; ஏழு பட்டைகள் நீளம் குறைவு. மாற்றித் தரக் கேட்டேன், விற்றவர்கள் மறுத்துவிட்டார்கள். பின்னப் பாடத்துக்கும் இந்த நீளம் தவறுதான். வாங்குபவர்கள் முதல் நாளே ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

செவ்வகத் துண்டுகள் இதில் இல்லாததும் எனக்கு வருத்தம். மேல்கீழோடு பக்கவாட்டுப் பார்வையையும் சேர்த்தால், ஒன்றையொன்று பார்க்கும் எட்டுச் செவ்வகங்களை வைக்க முடியும், ஒன்பது முடியாது. அந்த எட்டுக்காகக் காந்தத் தாள் வாங்கி நானே வெட்டிக்கொண்டிருக்கிறேன்.