தருமபுரியில் ஓர் இறுதிச் சடங்குச் சேவை: உடலைப் பேணத் தெரிந்தவர்கள், உயிரைப் பற்றித் தடுமாறுகிறார்கள்

தருமபுரி நகரில் இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்து தரும் ஒரு தனியார் சேவையை எங்கள் பெரியப்பாவின் மறைவையொட்டி அண்மையில் பயன்படுத்த நேர்ந்தது. ஐஸ் பெட்டி, அமரர் ஊர்தி, பந்தல், பாடை, சுடுகாட்டு ஏற்பாடு, சாம்பல் கரைப்பு, பதினாறாம் நாள் காரியம் என அனைத்தையும் ஒரே இடத்தில் ஏற்றுக்கொள்கிறார்கள். உடலைக் கையாளும் பணியில் இவர்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். உயிரைப் பற்றி இவர்கள் அச்சிட்டுக் கொடுக்கும் துண்டறிக்கையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

தொலைபேசியை எடுப்பவர் முகவரியைக் குறித்துக்கொண்டவுடன், “உங்க வீட்டு வழக்கம் எரிக்கிறதுங்களா, அடக்கம் பண்றதுங்களா?” என்று கேட்கிறார். ஒரே தெருவில், ஒரே கோயிலுக்குச் செல்லும் இரண்டு குடும்பங்களில் ஒன்று எரிப்பதும் மற்றொன்று புதைப்பதும் இம்மாவட்டத்தில் சாதாரணம் என்பதால், இந்தக் கேள்வியைக் கேட்காமல் விறகுக்குச் சொல்லிவிடுகிறவர் பெரிய சிக்கலில் மாட்டிக்கொள்வார். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வீரசைவக் குடும்பங்களில் இறந்தவரை அமர்ந்த நிலையில், அவர் உடலில் அணிந்திருந்த இட்டலிங்கத்தை இடக்கையில் வைத்து அடக்கம் செய்கிறார்கள். லிங்கம் தரித்தவர் லிங்கத்தோடு ஒன்றாகிவிடுவதால் மறுபிறவி இல்லை என்பது அவர்கள் கொள்கை. ஆகவே தீயிட்டுத் தூய்மைப்படுத்த வேண்டிய மிச்சம் எதுவும் அங்கே இல்லை. எரிப்பதையே பொதுவழக்காகக் கொண்ட சைவர்களிடமும் விலக்கு உண்டு. ஞானியின் உடலைத் தீயில் இட்டால் நாடே வெந்து வாடும் என்று எச்சரித்து, அடக்கம் செய்வதற்குரிய சமாதிக் கிரியையைத் திருமூலர் தனியாகவே விவரிக்கிறார். இந்த நிறுவனத்தில் உட்கார்த்தி எடுத்துச் செல்வதற்கான நாற்காலிப் பல்லக்கும் தயாராக இருப்பதைப் பார்த்தபோது, இவர்கள் ஊரை அறிந்து தொழில் செய்கிறவர்கள் என்று தோன்றியது.

வந்த பணியாளர்கள் பேசிய முறையையும் பாராட்ட வேண்டும். மருத்துவமனை வாசலிலிருந்து சுடுகாடு வரை இறந்தவரை எல்லாரும் ‘பாடி’ என்று குறிப்பிடுவதே இன்று வழக்கம். ஊரெல்லாம் கூடி அழுது, ‘பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டு’ச் சுட்டுவிட்டு, நீரில் மூழ்கி நினைப்பையும் ஒழித்துவிடுகிறார்கள் என்று திருமூலரின் திருமந்திரம் சொல்லிக் காட்டுவது இதைத்தான். இவர்களோ கடைசி வரை ‘பெரியவரைத் தூக்கலாமுங்களா’, ‘பெரியவருக்கு வேட்டி மாத்திரலாமுங்களா’ என்றே கேட்டார்கள். உடம்பை இழுக்கு என்று இருந்தவன், அதனுள்ளே உத்தமன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கினேன் என்று சொன்னவரும் அதே திருமூலர்தாம். இறைவன் குடியிருந்த இடம் என்று நம்புகிறவர்களுக்கு, குடி நீங்கிய பிறகும் அந்த இடத்தைக் கண்டபடி கையாள மனம் வராது.

ஐஸ் பெட்டி புதியது, இரைச்சல் குறைவு. தலை தெற்கே இருக்கும்படி வைத்தார்கள். தலைமாட்டு விளக்கைப் பெட்டியின் காற்று வெளியேறும் பக்கத்திலிருந்து விலக்கி வைக்கச் சொன்னார்கள். வெளியூரிலிருந்து வந்த அத்தைமார்கள் கண்ணாடிக்கு மேலே விழுந்து அழுதபோது, மூடியைச் சற்று நேரம் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஊர்தியின் முகப்பில் உள்ள பலகையும் கழற்றி மாட்டக்கூடியது: சிவலோகப் பலகை ஒன்று, வைகுண்டப் பலகை ஒன்று, சிலுவை ஒன்று, எதுவும் எழுதாத வெள்ளைப் பலகை ஒன்று. சைவ வீட்டு வாசலில் ‘வைகுண்ட ரதம்’ வந்து நின்று, பெரியவர்கள் முகம் சுளிப்பதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை புரியும்.

எங்கள் தெருவின் இஸ்லாமியக் குடும்பம் ஒன்று இவர்களிடம் ஊர்தியை மட்டும் அமர்த்தியிருந்தது. பெங்களூரு மருத்துவமனையிலிருந்து ஜனாஸாவை (இறந்தவரின் உடலை) கொண்டுவந்து சேர்த்ததோடு பணியாளர்கள் விலகிக்கொண்டார்கள் என்றும், பெட்டியையோ வேறு எதையுமோ வற்புறுத்தவில்லை என்றும் அவர்கள் சொன்னார்கள். அது சரியான நடத்தை. இஸ்லாத்தில் உடல் இறைவன் தந்த அமானிதம், அதாவது நம்பி ஒப்படைத்த பொருள். ரூஹ் என்னும் உயிர் பிரிந்து பர்ஸக் என்னும் இடைநிலைக்குச் சென்றபின், மறுமையில் எழுப்பப்படும் நாள் வரை உடல் மண்ணுக்கு உரியது. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடு இருப்பவரின் எலும்பை முறிப்பதைப் போன்றது என்ற நபிமொழி இருப்பதால், குளிப்பாட்டும் நீரின் சூடு முதல் கபன் என்னும் அடக்கத் துணியைக் கட்டும் இறுக்கம் வரை எல்லாவற்றிலும் மென்மையைக் கடைப்பிடிக்கிறார்கள். ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. குளிப்பாட்டுவோர் அதே பாலினத்தவராக இருக்க வேண்டும். அடக்கத்தைத் தாமதிக்கக் கூடாது. இவற்றில் வெளியார் செய்வதற்கு எதுவும் இல்லை.

கிறித்தவர்கள் விஷயத்தில் ஒரு குறை உண்டு. கட்டணப் பட்டியலில் ‘அனைத்து மதத்தினருக்கும்’ என்ற தலைப்பின்கீழ், எரியூட்டலுக்குப்பின் ஒகேனக்கல்லில் சாம்பல் கரைப்பதைச் சேர்த்திருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1963-ல் எரியூட்டலை அனுமதித்தது உண்மைதான். ஆயினும் 2016-ல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தல், சாம்பலை நீரிலோ நிலத்திலோ காற்றிலோ தூவுவதையும், வழக்கமாக வீட்டில் வைத்துக்கொள்வதையும் ஏற்கவில்லை. கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்கவே சொல்கிறது. அழிவுள்ளதாக விதைக்கப்படும் உடல் அழியாததாக உயிர்த்தெழும் என்று பவுல் எழுதியதை நம்புகிறவர்களுக்கு, உடல் உயிரின் தற்காலிகச் சட்டையன்று. உயிர்த்தெழப் போகும் ஆளின் ஒரு பாதி. 1997 முதல் தனி மறைமாவட்டமாகவே இருக்கும் ஊரில், பங்குத்தந்தை ஒருவரிடம் கேட்டிருந்தால் இந்த வரியைத் திருத்தியிருக்கலாம்.

இனி அந்தத் துண்டறிக்கை. ‘ஆன்மாவின் பயணம்’ என்ற தலைப்பில் பளபளப்பான தாளில் அச்சிட்டு, கட்டணச் சீட்டோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். “உயிர் பிரியும்போது உடலில் 21 கிராம் எடை குறைவதை விஞ்ஞானம் நிரூபித்துள்ளது” என்பது அதன் முதல் வரி. துக்க வீட்டில் எல்லாரும் அதைப் படித்தார்கள், சிலர் வியந்தார்கள், கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் தன் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பவும் செய்தான். இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஹேவர்ஹில் என்ற ஊரில் இருந்த டங்கன் மக்டூகல் என்ற மருத்துவர், இறக்கும் தறுவாயில் இருந்த நோயாளிகளைக் கட்டிலோடு தராசில் வைத்து எடை பார்த்து, முடிவுகளை 1907-ல் வெளியிட்டார். நோயாளிகள் மொத்தம் 6 பேர். அவர்களுள் இருவரின் அளவீடுகளை அவரே தள்ளிவிட்டார். எஞ்சியவற்றிலும் ஒன்றோடொன்று பொருந்தாத மாற்றங்களே கிடைத்தன. 21 கிராம் என்பது அந்த 6 பேரில் ஒரே ஒருவரிடம் கண்ட அளவு. இதை நிரூபணம் என்று எந்த அறிவியலும் ஏற்கவில்லை.

அறிவியல் ஏற்காதது இருக்கட்டும். சைவம்தான் இதை ஏற்குமா? மக்டூகல் 15 நாய்களையும் அவ்வாறே எடையிட்டு, அவை இறக்கையில் எடை குறையவில்லை என்று கண்டு, நாய்களுக்கு ஆன்மா இல்லை என்ற முடிவுக்கு வந்தார். துண்டறிக்கையை எழுதியவர் இந்தப் பாதியை அறிந்திருக்கமாட்டார். புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று தொடங்கி மனிதனை ஆறறிவுயிர் என்று எண்ணும் தொல்காப்பியமும், புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப் பிறந்திளைத்ததாகச் சொல்லும் மாணிக்கவாசகரும் நாய்க்கு உயிர் இல்லை என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார்களா? அந்த 21 கிராமை ஏற்றுக்கொள்கிறவர், அதனோடு வரும் நாயையும் ஏற்றுக்கொண்டு, மறுபிறவியைக் கைவிட வேண்டியிருக்கும்.

எடை உள்ளது எதுவாயினும் அது சடப்பொருள். சைவ சித்தாந்தத்தில் ஆன்மா சடமன்று. உடம்பும் கருவிகளும்தாம் மாயை என்னும் சடமூலத்தின் ஆக்கம். உயிருக்கு நிறை உண்டென்று தராசை நீட்டுகிறவர், தம்மை அறியாமலே மணிமேகலையில் வரும் பூதவாதியின் பக்கம் போய் நின்றுவிடுகிறார். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடியபோது மதுவில் களிப்புப் பிறப்பதைப் போல, பூதங்கள் கூடியபோது உணர்வு தோன்றுகிறது என்பது அவன் வாதம். அவனாவது தன் கொள்கையைத் தெரிந்தே சொன்னான்.

உயிர் உண்டு என்பதற்குக் காரணம் காட்ட விரும்பினால் கைக்கெட்டும் தூரத்தில் சரக்கு இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் தம் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் அடுக்கியவை இன்றும் நின்று வாதிடத் தக்கவை. எதையும் இது ஆன்மா அன்று என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வரும்போது அப்படி விலக்குகிற அறிவு ஒன்று எஞ்சுகிறது. என் உடல் என்று சொல்லும்போது உடையவன் வேறாகிறான். உறக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருந்தும் உண்பதும் செயலும் நிகழவில்லையாதலால் மூச்சே உயிர் என்று சொல்ல முடியாது. இவற்றை மறுக்கவும் வழி உண்டு, பௌத்தர் மறுத்தார்கள். ஆனாலும் துக்க வீட்டில் கொடுக்கத்தக்க தாள் அதுவாக இருந்திருக்கும்.

அதே துண்டறிக்கை இரண்டாம் பக்கத்தில், இறந்தவர் அன்றே சிவலோகம் சேர்ந்துவிட்டார் என்கிறது. மூன்றாம் பக்கத்தில் பத்து நாள் பிண்டம் இட்டால்தான் அவருக்கு யாதனை உடல் (வினைப்பயனைத் துய்க்கும் உடல்) உருவாகும் என்கிறது. பின்னது கருடபுராணச் செய்தி: முதல் நாள் பிண்டத்தால் தலை, அடுத்தடுத்த நாள்களில் மற்ற உறுப்புகள் என்று அது கணக்குச் சொல்கிறது. இரண்டும் தனித்தனியே மதிக்கத்தக்க நம்பிக்கைகள். ஒரே தாளில் ஒரே ஆளுக்கு இரண்டையும் சொல்வது, மூன்றாம் பக்கத்தின் அடியில் உள்ள ‘ஆன்ம சாந்தித் தொகுப்பு’ என்ற கட்டணத் திட்டத்திற்காகத்தான் என்று படுகிறது. ஊரில் கடை வைத்திருக்கும் சமணக் குடும்பங்களுக்கும் இதே தாள் போகிறதாம். அவர்கள் கொள்கையில் உயிர் உடலை நீங்கிய மாத்திரத்தில் அடுத்த பிறவியின் உடலுக்குச் சென்றுவிடுகிறது. பிண்டம் பெற்றுக்கொள்ள இடையில் யாரும் காத்திருப்பதில்லை.

காரியத்தைக் குறை சொல்வது என் நோக்கமன்று. இறந்தவர்க்குப் படைப்பது அவரைச் சேருமா என்ற ஐயம் இந்த ஊருக்குப் புதியதும் அன்று. இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியவை புறநானூற்றில் அடுத்தடுத்து உள்ளன. ஈமத்தீ அவன் உடலை நெருங்கினாலும் நெருங்கட்டும், நெருங்காமல் வானளாவ நீண்டாலும் நீளட்டும், அவன் புகழ் மாயாது என்கிறது ஒரு பாட்டு. அடுத்த பாட்டில் அவனுக்கு நடுகல் நட்டு, மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் கள்ளை உகுக்கிறார்கள். மலைகள் செறிந்த நாட்டையே கொடுத்தபோதும் கொள்ளாதவன் இதைக் ‘கொள்வன் கொல்லோ’ என்று கேட்கிறார் ஔவை. படைத்தலை அவர் தடுக்கவில்லை, கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார். எங்கள் குடும்பம் தொகுப்பை வேண்டாம் என்று சொல்லி, காரியத்தை வீட்டு வழக்கப்படி நடத்திக்கொண்டது. அதற்காக நிறுவனத்தார் முகம் கோணவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

கட்டணத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. பட்டியலை முன்னரே கையில் தருகிறார்கள், இரவில் அழைத்தாலும் தொகை மாறுவதில்லை, ரசீது உண்டு. சுடுகாட்டில் தனியாகக் கேட்கப்படும் பணத்தைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறார்கள். மருத்துவமனையிலிருந்து வீடு வரைக்கும் மட்டும் ஊர்தி தேவைப்படுவோர், அரசு மருத்துவமனையில் இறந்தவர்களுக்கு இலவச அமரர் ஊர்தி இருப்பதை மறக்க வேண்டாம்.

உடல் தானம் செய்ய விரும்பும் குடும்பங்களுக்கும் இவர்கள் உதவுகிறார்கள். தருமபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருப்பதால் தொலைதூரம் அலைய வேண்டியதில்லை. அலுவலகத்தில் இருந்த பெண், கண் தானம் என்றால் ஆறு மணி நேரத்திற்குள் எடுக்க வேண்டும் என்பதையும், உடல் தானத்திற்கு நெருங்கிய உறவினரின் ஒப்புதலும் மருத்துவரின் இறப்புச் சான்றும் வேண்டும் என்பதையும், காவல்துறை வழக்குள்ள உடலைக் கல்லூரி ஏற்காது என்பதையும் பிழையின்றிச் சொன்னார். முதலில் கல்லூரியிடம் பேசிவிட்டு, அதன்பின் எங்களிடம் பெட்டி எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள் என்றும் சொன்னார். அதற்கு அவர்கள் துண்டறிக்கை எதுவும் கொடுப்பதில்லை.