சோலார் டிராக்கர் வாங்கி மூன்று வருஷம்: வெயிலைக் கேட்டேன், காற்றைக் கேட்கவில்லை

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் தாண்டி எங்கள் லேத் பட்டறைக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் 2022 கடைசியில் டிராக்கர் போட்டேன், அதாவது சூரியன் போகும் பக்கமே திரும்பும் சோலார் பேனல் வரிசை. 540 வாட் பேனல் 24, வடக்கு தெற்காக 28 மீட்டருக்கு ஒரே இரும்பு டியூப், நடுவில் ஒரு மோட்டார். காலையில் கிழக்கே சாய்ந்து நிற்கும், சாயங்காலம் மேற்கே.

யூனிட் விஷயத்தில் குறை சொல்ல மாட்டேன். கூரையில் அசையாமல் கிடக்கும் பழைய பேனல்களோடு கிலோவாட்டுக்குக் கிலோவாட் பார்த்தால் மார்ச், ஏப்ரலில் ஐந்தில் ஒரு பங்கு கூட வருகிறது. கார்த்திகை மூட்டத்தில் இரண்டும் ஒன்றுதான், வானமே மூடிக் கிடக்கும்போது எந்தப் பக்கம் திரும்பி என்ன.

தலைவலி காற்றில் வந்தது. காற்று ஏறினால் பேனல் தானாகத் தட்டையாகப் படுத்துவிடும்படி செட் செய்திருந்தார்கள். "படுக்க வெச்சுட்டா காத்து மேலால ஓடிடும்ணே" என்றார் மாட்டிய தம்பி. நானும் நம்பினேன். 2023 கோடையில் ஒரு சாயங்காலம், மழைக்கு முன் காற்று கிளம்பியது, காற்றுமானியில் 50 கி.மீ.யைக் கொஞ்சம் தாண்டியிருக்கும், அவ்வளவுதான். பேனல்கள் படுத்தன. மோட்டார் பக்கத்தில் அசைவே இல்லை, ஆனால் தெற்குக் கடைசியில் பேனல் முறத்தில் அரிசி புடைப்பது மாதிரி கிழக்கு விளிம்பு மேலே, மேற்கு விளிம்பு கீழே, அப்புறம் மாறி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போனது. நாலு கிளாம்ப் கழன்று, இரண்டு பேனல் கண்ணாடி சிலந்திவலையாக விரிந்தது.

பில்லில் மணிக்கு 180 கி.மீ. காற்றைத் தாங்கும் என்று போட்டிருந்தது. அது பொய்யில்லை, கட்டுமானங்களில் காற்றுக் கணக்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 சென்னைக்குச் சொல்லும் வினாடிக்கு 50 மீட்டரும் அதேதான். ஆனால் அவர்கள் போட்டது காற்று தள்ளும் தள்ளுக்கான கணக்கு. இங்கே நடந்தது முறுக்கு. தட்டையாகக் கிடக்கும் பேனலின் முன் விளிம்பு துளி மேலே எழும்பினால் காற்று அதை இன்னும் தூக்கும், டியூப் ஸ்பிரிங் மாதிரி திருப்பி இழுக்கும், இழுத்த வேகத்தில் மறுபக்கம் தாண்டிப் போகும், அங்கேயும் காற்று பிடித்துக்கொள்ளும். மோட்டார் நடுவில் மட்டும் பிடித்திருப்பதால் கடைசிக்குப் போகப் போக முறுக்கு அதிகம். 1940இல் அமெரிக்காவில் டகோமா பாலம் முறுக்கிக்கொண்டு விழுந்ததும் மணிக்கு 64 கி.மீ. அளவு காற்றில்தான், புயலில் இல்லை.

விற்றவரிடம் போய் நின்றால் "இயற்கைச் சீற்றம், வாரண்டியில் வராது" என்றார். அந்தக் காற்றில் எங்கள் தெருவில் ஒரு முருங்கைக் கிளைகூட ஒடியவில்லை.

சரி என்று நானே இறங்கினேன். இரண்டு கடைசியிலும் ஷாக் அப்சார்பர், காற்று வந்தால் தட்டையாக இல்லாமல் 30 டிகிரி சாய்வில் நிற்கும்படி மாற்றம், கரண்ட் போனாலும் மோட்டார் திரும்ப ஒரு பேட்டரி. சாய்த்து நிறுத்தினால் தள்ளு அதிகமாகும் என்பதால் தூண்களுக்குக் கூடுதல் கான்கிரீட், செலவில் பாதி அதற்கே போனது. அந்த டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர், டிராக்கர் மட்டும் கம்மென்று நின்றது.

இப்போது உப்புக் காற்றில் ஒரு ஷாக் அப்சார்பரின் தண்டு துருப்பிடித்து எண்ணெய் கசிகிறது, இந்த வருஷத்தில் இரண்டாவது தடவை. வாங்க நினைப்பவர்கள் டியூபின் கனம், அதை எத்தனை இடத்தில் திரும்பாமல் பிடித்திருக்கிறார்கள், காற்றில் எந்தச் சாய்வில் நிற்கும், இந்த மூன்றையும் எழுதி வாங்குங்கள். எனக்கு அடுத்த வரிசைக்கு இரும்பு வந்து இறங்கிவிட்டது, தெற்கே பார்த்து அசையாமல் நிற்கும் சாதாரண ஸ்டாண்டு.